ஐந்தாவது ஆள்

பம்பு தொழிற்சாலையில் அவளுக்கு அதிர்வு அக்கா என்று பெயர். ஓடுகிற இயந்திரம் எதைக் கண்டாலும் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்காமல் நகர மாட்டாள். வீட்டு வாஷிங் மெஷினிலிருந்து பஸ் ஜன்னல் கம்பி வரை எதுவும் அவள் கைக்குத் தப்பியதில்லை. ஒருமுறை குறட்டை விட்டுக்கொண்டிருந்த கணவரின் முதுகிலும் கை வைத்துப் பார்த்துவிட்டு, "பேரிங் போயிடுச்சு" என்று தீர்ப்புச் சொன்னாள்.

அப்படிப்பட்டவளுக்கு நாற்பத்து மூன்று வயதில் பொறியியல் முனைவர் படிப்பில் இடம் கிடைத்தால் கால் தரையில் நிற்குமா? ஆராய்ச்சி தொடங்கும் முன் ஒரு வருடம் வகுப்புக்குப் போய்ச் சில பாடங்களில் தேற வேண்டும். எந்தப் பாடம், எந்தப் பருவத்தில் என்று திட்டம் போட்டு வரச் சொன்னார் நெறியாளர். நம் அக்கா பன்னிரண்டு பாடங்களோடு போய் நின்றாள்.

"இது கோர்ஸ் வொர்க் பிளானாம்மா, இல்ல காலேஜையே விலைக்கு வாங்கப் போறீங்களா?"

"எதை விடறதுன்னு தெரியல சார். எல்லாமே ஆசையா இருக்கு."

அவர் ஈவிரக்கமில்லாமல் எட்டை அடித்தார். மிஞ்சிய நான்கில் இயந்திர அதிர்வியல்தான் அஸ்திவாரம். இந்தப் பருவத்தில் அதில் தேறினால்தான் அடுத்த பருவப் பாடங்களில் சேர முடியும். தொழிற்சாலை வகுப்புக்குப் போக அனுமதித்திருப்பதோ இந்த ஒரு வருடம்தான். இப்போது விட்டால் படிப்பே போச்சு.

அங்கேதான் இடி விழுந்தது. ஐந்து பேர் சேர்ந்தால்தான் அந்த வகுப்பு நடக்கும் என்றது துறை. அக்காவையும் சேர்த்து நான்கு பேர்தான் இருந்தார்கள். மறுநாளோடு பதிவு முடிகிறது.

அன்று முழுக்க அவள் கேன்டீன் வாசலில் நின்று ஆள் பிடித்தாள். "அதிர்வு படிக்கிறீங்களா? ரொம்ப ஜாலியா இருக்கும்!" என்று அவள் பாய்ந்த வேகத்தைப் பார்த்து, இரண்டு பேர் டீயை அப்படியே வைத்துவிட்டு நழுவினார்கள்.

இரவுச் சாப்பாட்டின்போது அவள் முகம் தொங்கிக்கிடந்தது. கணக்காளரான கணவருக்கு மனசு கேட்கவில்லை.

"நான் வேணா சேரட்டுமா? அதுவும் கணக்குதானே?"

"உங்களை உள்ளேயே விடமாட்டாங்க."

சட்டென்று இருவரும் ஒரே நேரத்தில் மகள் பக்கம் திரும்பினார்கள். அவள் அதே கல்லூரியில், அதே துறையில் கடைசி வருடம் படிக்கிறாள். விருப்பப் பாடமாக எதை எடுப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அம்மா கல்லூரிக்குள் நுழைந்த நாளிலிருந்து தூண்களுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து நடக்கிறாள், பாவம்.

"என்னை ஏன் பாக்குறீங்க?" என்றாள் மகள், வாயில் வைத்த கவளத்தோடு.

"சிண்டு..."

"முடியாது. முடியவே முடியாது."

அம்மாவின் கண் கலங்கியது. நடிப்பு இல்லை, உண்மையிலேயே கலங்கியது. மகள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"சரி, சேர்றேன். ஆனா ஒரே பெஞ்சுல உக்காரக் கூடாது. சிண்டுன்னு கூப்பிடவே கூடாது. அங்க நீ யாரோ, நான் யாரோ. சரியா?"

அக்கா தலையை ஆட்டிய ஆட்டில் கழுத்துச் சுளுக்காதது அதிசயம்.

முதல் வகுப்பு. அக்கா முதல் பெஞ்சில், மகள் கடைசி பெஞ்சில். சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேராசிரியர் பலகையை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை சமன்பாடுகளால் நிரப்பிவிட்டு, தண்ணீர் குடிக்க நிறுத்தினார். வகுப்பில் ஊசி விழுந்தாலும் கேட்கும். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் பதறிப்போய் வெடித்தது.

"அம்மா! உனக்கு ஏதாவது புரியுதா?"

அக்கா நிதானமாகத் திரும்பினாள்.

"நீங்க யாருங்க?"

பேராசிரியருக்குப் புரை ஏறியது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. மகள் காதெல்லாம் சிவக்கப் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தள்ளி உக்காரு."

"எனக்கும் ஒண்ணும் புரியல சிண்டு" என்று காதோடு சொன்னாள் அம்மா.

அவ்வளவுதான். இருவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை, பெஞ்சு குலுங்கத் தொடங்கிவிட்டது. அக்கா பழக்க தோஷத்தில் அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். ஒரு பழுதும் இல்லை என்று தெரிந்த பிறகும் கையை எடுக்க மனம் வரவில்லை.