தட்டாமல் விட்ட கதவு

போன வாரம் பாகலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்தவை, வரிசையாக:

1. லைன் வீடுகளில் தங்கி ஃபேக்டரி வேலைக்குப் போகும் பெண்களுக்கு அடுத்தடுத்துக் காய்ச்சல். பரிசோதனையில் டெங்கு.

2. அவர்களில் கவிதா என்ற பெண் ஓசூரில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாள். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே இருந்தன.

3. சுகாதாரத் துறையிலிருந்து நாங்கள் போய் ஊரையே சல்லடை போட்டுத் தேடினோம். டிரம், தொட்டி, டயர், கொட்டாங்குச்சி... ஒரு கொசுப்புழுகூட இல்லை.

4. மறுநாள் மேலும் சிலருக்குக் காய்ச்சல்.

என் வேலையே கொசு தேடுவதுதான். புழு கிடைத்துவிட்டால் நிம்மதி. கிடைக்காவிட்டால்தான் பயம்.

லைன் வீட்டுச் சொந்தக்காரர் ராதம்மா சாக்கடையைக் காட்டினார். "பஞ்சாயத்துல சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது மேடம்."

"டெங்குக் கொசு சாக்கடையில முட்டை வைக்காதும்மா. அதுக்கு நல்ல தண்ணிதான் வேணும்."

"அய்யே... நம்மளவிட சுத்தம் பாக்குதா அது?"

சிரிக்க முடியவில்லை. ராதம்மா வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை. பகல் ஷிஃப்ட் பெண்களுக்கும் இல்லை. படுத்தவர்கள் எல்லோரும் நைட் ஷிஃப்ட்! இந்தக் கொசு கடிப்பதோ பகலில். பகலில் அறைக்குள் படுத்திருப்பது யார்?

கவிதாவின் அறைக்குப் போனேன். கதவில் ஓர் அட்டை. 'நைட் ஷிஃப்ட். தட்டாதீர்கள்.' கீழே கன்னடத்திலும் அதையே எழுதியிருந்தார்கள். என் கை தானாக நின்றது.

அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஆட்களும் இப்படித்தான் நின்றிருப்பார்கள்... திரும்பியிருப்பார்கள்.

"வேணாம் மேடம். பாவம், கூட இருக்கற பொண்ணு இப்பதான் கண்ணசந்திருக்கும்" என்றார் ராதம்மா.

தட்டினேன்.

திறந்தவள் கவிதாவின் அறைத்தோழி செல்வி. கண்கள் சிவந்திருந்தன. "படிக்கத் தெரியாதாக்கா?"

"தெரியும். உனக்குக் காய்ச்சலா?"

"இல்லியே" என்றாள், சுவரைப் பிடித்துக்கொண்டு.

ஜன்னலில் வலி மாத்திரை அட்டை, பாதி காலி. டெங்கு வந்த உடம்பில் அந்த மாத்திரை ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். "எத்தனை நாளா முழுங்கறே?"

"லீவு போட்டா என் எடத்துல வேற ஆளை நிறுத்திருவாங்கக்கா..."

ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அறை அடுப்பாகக் கொதித்தது. குனிந்து பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் அகலமான பிளாஸ்டிக் டப், நிறையத் தண்ணீர்.

"இது எதுக்கு?"

"சில்லுனு இருக்கும். இல்லாட்டி இந்தக் கூரைக்குக் கீழ பகல்ல தூங்க முடியுமா? குறையக் குறைய ஊத்திக்குவோம்."

"கொட்டறதே இல்லையா?"

"நல்ல தண்ணிய யாராவது கொட்டுவாங்களா?"

டார்ச் அடித்தேன். வெளிச்சம் பட்டதும் புழுக்கள் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கின. செல்வியும் எட்டிப் பார்த்தாள்.

"இதுமேலயா நாங்க படுத்திருந்தோம்?"

மாத்திரை அட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். "கிளம்பு."

"ஷிஃப்ட்டு?"

"கவிதா வார்டுல பாத்துக்கலாம், உன் ஷிஃப்ட்டை."

தூங்குகிறவரை எழுப்பக் கூடாது என்பது நல்ல பழக்கம்தான். கொசுவுக்கும் அது ரொம்ப வசதி!

அட்டை தொங்கிய கதவுகளை எல்லாம் தட்டினோம். நன்றாகத் திட்டு வாங்கினோம். பெரும்பாலான கட்டில்களுக்கு அடியில் டப் இருந்தது. எல்லாவற்றையும் கவிழ்த்தாயிற்று. கூரை மட்டும் அப்படியே கொதிக்கிறது. அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

கவிதாவுக்குத் தட்டணுக்கள் ஏறத் தொடங்கிவிட்டன. செல்விக்கு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கின்றன.