கால் வைக்காத சாலை

ஏரிக்கரைப் புளியமரங்களை வெட்டிச் சாலை போடக்கூடாது என்று ஒரு காலத்தில் நாங்கள் போராடினோம். மரங்களும் போயின, சாலையும் வந்தது. அதில் கால் வைக்கவே மாட்டோம் என்று, வெட்டிப்போட்ட மரத்தின் அடிக்கட்டையைத் தொட்டுச் சத்தியம் செய்துவிட்டுக் கலைந்தோம்.

பல வருடம் கழித்து, போன ஞாயிற்றுக்கிழமை லாஸ்பேட்டையில் எங்களில் ஒருவர் வீட்டில் கூடினோம். அன்று கோஷம் போட்ட தொண்டைகள் எல்லாம் இப்போது பிரஷர் மாத்திரை விழுங்குகின்றன. "எந்த வழியா வந்தீங்க?" என்ற கேள்விக்கு, ஊரைச் சுற்றி வந்ததாகவே ஒவ்வொருவரும் சொன்னோம்.

பாதி பிரியாணியில், அன்று பொக்லைன் முன்னால் படுத்து மறித்த அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "அந்த ஏரிக்கரை ரோட்டு வளைவுல ஒரு பள்ளம் இருக்கே, என் முதுகே போச்சு."

"எது, கல்யாண மண்டபத்துக்கு எதிர்லயா?" என்றார் விருந்து வைத்தவர்.

"அதத் தாண்டி இன்னொன்னு இருக்கு. மழை பேஞ்சா தெரியாது, பாத்துப் போங்க" என்றேன் நான்.

எல்லோரும் தட்டைக் குனிந்து பார்த்துப் பிரியாணியில் எலும்பு தேடினோம். அக்காதான் கை கழுவிவிட்டு வந்து அறிவித்தார்: "ரோட்ட ஒழுங்கா போடச் சொல்லி மறியல் பண்றோம். திங்கட்கிழமை காலைல எல்லாரும் பள்ளத்துகிட்ட வந்துடுங்க."

எந்தப் பள்ளம் என்று ஒருவரும் கேட்கவில்லை.