நல்லதுக்குத்தான் உடைத்தோம்

போன வெள்ளிக்கிழமை ஒரு மனிதரை நாசமாக்கிவிட்டேன். நல்லெண்ணத்தோடுதான்.

வாராவாரம் இந்தப் பக்கத்தில் என் அசட்டுத்தனங்களைப் படித்துச் சிரிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். இதுவும் அசட்டுத்தனம்தான். ஆனால் எனக்கே சிரிப்பு வரவில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புத் தகடு செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு ஹெச்.ஆர். வேலை என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே கிரேன் ஆபரேட்டர் டில்லிபாபு. எளாவூர்க்காரர். நாலு மாதத்துக்கு முன்னால் அவர் கையில் ரிமோட் இருந்தபோது, கிரேன் சங்கிலி அறுந்து தகட்டுச் சுருள் ஒன்று விழுந்தது. கீழே நின்றவர் அந்தோணி. பத்து வருடமாக டில்லியோடு ஒரே பைக்கில் வேலைக்கு வந்தவர். அங்கேயே போய்விட்டார்.

விசாரணை நடந்தது. கோளாறு சங்கிலியில்தான், டில்லி மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை நானே அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அதைப் படித்தால் மனுஷன் நிம்மதியாகத் தூங்குவார் என்று நம்பினேன்... என்ன ஒரு நம்பிக்கை!

நாலு மாதமாக வேலைக்கு வராத அவர் போன வாரம் போன் செய்து, “வெள்ளிக்கெழம டூட்டிக்கு வர்றேன் சார்” என்றார். எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வரவேற்க வேண்டாமா? எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் வெள்ளிக்கிழமை பூஜை என்றால் பூசணிக்காய் உடைக்காமல் முடியாது. பொன்னேரி மார்க்கெட்டில் நானே பார்த்து வாங்கினேன். விபத்து நடந்த இடத்திலேயே உடைத்தால்தான் தோஷம் போகும் என்று சொன்னதும் நானேதான்.

டில்லியை அங்கே நிறுத்தினோம். பூசணியில் ஓட்டை போட்டு, குங்குமத்தைக் கொட்டி, கற்பூரம் ஏற்றி மூன்று சுற்று சுற்றினார்கள். தலைக்கு மேலே தூக்கி... தொப்பென்று போட்டார்கள்.

தரையெல்லாம் சிவப்பு.

“அந்தோணி... நவுர்றா! டேய், நவுர்றா!”

கத்தியது டில்லி. அவருடைய வலது கட்டைவிரல் காற்றை அழுத்திக்கொண்டே இருந்தது. கையில் இல்லாத ரிமோட்டில் ஸ்டாப் பட்டனைத் தேடுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

காரில் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அவர் மனைவி தேவகி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“பூசணிக்காயா சார் ஒடைச்சீங்க? அரிசி மூட்டைய தொப்புனு எறக்கினாலே இவுரு ஆளே மாறிடுவாரு. ஊட்ல பீட்ரூட்டு வாங்கறதே இல்ல. ஒரு போன் போட்டு இன்னா ஏதுன்னு கேட்டிருந்தா சொல்லிருப்பேனே சார்...”

கேட்டிருக்கலாம். நாலு மாதமாக என்னிடம் அவர் நம்பர் இருந்தது.

“பழைய நெனப்பு வருதா டில்லி?” என்றேன். மடையன் நான், வேறென்ன கேட்பேன்?

“நெனப்பு இல்ல சார். நான் அங்கியே நின்னுகினு கீறேன். சுருள் மேல கீது. விரலு எட்ட மாட்டேங்குது.”

அரசு ஆஸ்பத்திரி மனநல டாக்டர் தேவகிக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்திருக்கிறார். மூளை, முடிந்துபோனதை இப்போது நடப்பதாக நம்பிவிடுகிறதாம். அதை அதட்டக் கூடாது. மெதுவாகக் கூட்டிவர வேண்டும். இரண்டு காலையும் தரையில் நன்றாக ஊன்றி, எதிரில் இருக்கிற ஐந்து பொருளைச் சொல்ல வேண்டும். தினமும் செய்தால், வருவது நிற்காவிட்டாலும் திரும்புவது சீக்கிரமாகும் என்றாராம்.

தேவகி அவர் பாதங்களைத் தன் கைகளால் தரையில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

“எதிர்ல இன்னா கீது, சொல்லுய்யா.”

“ஃபேன்...”

“ம்.”

“டிவி... சொம்பு...”

மூச்சு கொஞ்சம் சீரானது. எனக்கும் உயிர் வந்தது. நாலாவது பொருளைத் தேடி அவர் கண் சுற்றியது. என் மேல் வந்து நின்றது. என் கம்பெனிச் சட்டை மேல்.

கட்டைவிரல் மறுபடி அழுத்த ஆரம்பித்தது.

“நீங்க கெளம்புங்க சார்” என்றார் தேவகி, தலையைத் தூக்காமல். கிளம்பினேன். காரில் உட்கார்ந்து அழுதேன். அதனால் யாருக்கு என்ன லாபம்?

திங்கட்கிழமை டில்லி வரவில்லை. இனி வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பிள்ளைகள் படிக்கிற வீடு. கிரேனை விட்டால் அவருக்கு வேறு வேலையும் தெரியாது. நொந்த மனிதருக்கு ஏதாவது செய்யத் துடிக்கிறோமே... “எதைக் கண்டால் உங்களுக்கு ஆகாது?” என்று ஒரு வார்த்தை கேட்க ஏன் தோன்றுவதில்லை?

நேற்று கேன்டீனில் சூப்பர்வைசர் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அன்னிக்கு பூசணி சின்னதா போச்சு சார், அதான். டில்லிய இன்னொரு வாட்டி இட்டுகினு வாங்க. பெரிசா வாங்கி ஒடைச்சிடலாம்.”

ரொம்ப நல்ல மனிதர். என்னைப் போலவே.