கக்கூஸ் சாவி என் பாக்கெட்டில்

இன்னிக்கு எங்க மலை ஸ்கூல்ல பெற்றோர் சங்கக் கூட்டம். எட்டாவதோட நின்ன நானும் அதுல உறுப்பினர். சங்கத்தோட தரம் புரிஞ்சிருக்கும்.

பொம்பளப் புள்ளைங்களுக்குக் கட்டின புது கக்கூஸ், கட்டி முடிச்ச நாள்ல இருந்து பூட்டியே கிடக்கு. என் பொண்ணு இன்னும் புளியமரத்துப் பின்னாடிதான் ஓடுறா.

"தலைவரே, தொறந்து வுட்டா இன்னா?"ன்னு கேட்டேன்.

"புள்ளைங்க அசிங்கம் பண்ணிடும்பா. ஆபீசர் வந்து ரிப்பன் வெட்டுற வரைக்கும் புதுசாவே இருக்கட்டும்."

வேற எதுக்குங்க கக்கூஸ் கட்டுவாங்க? சாமி கும்பிடவா?

ஆனா மொத்தச் சங்கமும் கை தட்டுச்சு. பழக்கதோஷத்துல நானும் தட்டிட்டேன்.

"இவன்தாம்பா பொறுப்பான ஆளு"ன்னு தலைவர் சாவியை என் கையிலயே குடுத்துட்டாரு.

காலையில முதல் வேலையா தொறந்து வுட்டுடுவேன். தலைவர் கேட்டா, பூட்டு தானா தொறந்துக்கிச்சுன்னு சொன்னா நம்புவாருங்களா? அவரு அறிவுக்கு நம்புவாருன்னுதான் தோணுது. நீங்க இன்னா சொல்றீங்க?