அணைக்கிற பொலி

கணவர் இறந்தார். மகன் கொழும்புக்கு வேலைக்குப் போனான். டயகம தேயிலைத் தோட்டத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் காம்பராவில் நான் மட்டும் மிஞ்சினேன். தோட்ட வேலையிலிருந்தும் நின்றுவிட்டேன்.

பேச ஆளில்லாமல் புத்தி ஓரிடத்தில் நிற்கவில்லை. தேநீருக்குத் தண்ணீர் ஊற்றிக் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்தால், கருகிய வாடை வந்தபிறகுதான் நினைவு வரும். மகனுக்குத் தெரிந்துவிட்டது.

“இன்னொரு தடவ இப்பிடி நடந்துச்சின்னா, வீட்ட பூட்டிட்டு இங்க வந்துருங்கம்மா.”

எனக்குப் போக மனமில்லை. ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். மலையில் கொழுந்தெடுக்கத் தொடங்கும்போது, நிறைய விளையட்டும் என்று எல்லோரும் சேர்ந்து “பொலி, பொலி” என்போம். அதன்பிறகு மனம் கையோடுதான் இருக்கும். அதையே வீட்டில் சொன்னேன். அடுப்பைப் பற்றவைத்தால் ஒரு பொலி, அணைத்தால் ஒரு பொலி. பதிலுக்கு யாரும் சொல்லாதது ஆரம்பத்தில் என்னவோபோல் இருந்தது. ஆனால் கேத்தல் கருகவில்லை.

ஒரு ஞாயிறு காலை மகனோடு போனில் பேசி முடித்து, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது. புதிதாகக் குடிவந்த பெண். அதுவரை நாங்கள் பேசியதே இல்லை.

“அக்கா, பத்தவைக்கிற பொலி சொன்னீங்க. அணைக்கிற பொலி இன்னும் கேக்கலையே?”

ஓடிப்போய் அணைத்தேன். கேத்தலில் ஒரு மடக்குத் தண்ணீர்தான் மிச்சம். நடுச்சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

“பொலி.”

“பொலி, பொலி!” என்றாள் அவள்.

இன்றும் நான் தனி ஆள்தான். ஆனால் இப்போதெல்லாம் பொலியைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன்.