அப்பா விசாரித்த ஏர்லைன்

பழைய ஏர்போர்ட் ரோட்டில் ஒரு டீக்கடை இருந்தது. மிளகாய் பஜ்ஜி வாசனையும் விமான எரிபொருள் வாசனையும் சேர்ந்தே வரும். மதிலுக்கு அந்தப் பக்கம் ப்ரொப்பெல்லர் விமானம் ஒன்று கிளம்பினால், கடையிலிருக்கிற கண்ணாடி டம்ளர்கள் எல்லாம் கிணுகிணுவென்று ஆடும்.

என் வேலை நிச்சயமானது அந்தக் கடையில்தான்... கிட்டத்தட்ட கெட்டுப்போனதும் அங்கேதான்.

இரண்டாயிரத்து மூன்று, நான்கு இருக்கும். ஜக்கூரில் பறக்கக் கற்று, பைலட் லைசென்ஸ் வாங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பார்த்த வேலை? சிவாஜி நகரில் ஒரு டிராவல் ஏஜென்சியில் உட்கார்ந்து, மற்றவர்கள் பறக்க டிக்கெட் போட்டுக் கொடுப்பது! விவேக் நகரில் எங்கள் தெருவே என்னை "பைலட்டு" என்றுதான் கூப்பிடும். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல்.

அப்போதுதான் ஒரு சின்ன ஏர்லைனிலிருந்து இன்டர்வியூ லெட்டர் வந்தது. ஹூப்ளி, மங்களூர், கோயமுத்தூர் என்று பக்கத்து ஊர்களுக்கு மட்டும் பறக்கிற புதுக் கம்பெனி. எல்லாம் ப்ரொப்பெல்லர் விமானங்கள். சேர்ந்தால் மூன்று வருஷம் விட்டுப் போகக்கூடாது என்று பாண்ட் வேறு.

சீனியர்கள் ஒரே குரலில் சொன்னார்கள்.

"அங்க போகாத. ஃபேன் வண்டி ஓட்டிப் பழகிட்டா, அப்புறம் ஜெட்காரன் உன்னத் திரும்பிக்கூடப் பாக்கமாட்டான்."

சொன்ன அத்தனை பேரும் ஜெட்டுக்காக வீட்டில் காத்திருந்தவர்கள்... அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

போகவா, வேண்டாமா? ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை. தப்பான கம்பெனியில் மாட்டினால் மூன்று வருஷம் போச்சு. வேண்டாமென்று விட்டால், பறக்காத கை அப்படியே துருப்பிடித்துவிடும்.

அம்மாவுக்கு வேறு கவலை.

"ஃபேன் வெளியில சுத்துதேடி... நடுவுல நின்னுட்டா?"

"ரெண்டு ஃபேன் இருக்கும்மா."

"ரெண்டும் நின்னுட்டா?"

அப்பா விமான ஃபாக்டரியில் இருபத்தெட்டு வருஷம் இறக்கைக்கு ரிவெட் அடித்து ரிடையர் ஆனவர். ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இரு, நான் விசாரிச்சுட்டு வரேன்" என்றார்.

அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் இதையேதான் சொன்னார். அவருக்குத் தெரிந்த விசாரணை அது ஒன்றுதான். மறுநாள் மொபெட்டை எடுத்துக்கொண்டு போய் அந்த டீக்கடையில் உட்கார்ந்தார். நான்கு நாள். டீக்காரர், கம்பெனி வேன் டிரைவர், செக்யூரிட்டி... ஒருத்தரையும் விடவில்லை.

"கேப்டனுங்க எப்படி? குடி கிடி உண்டா? கோவக்காரங்களா? அந்த ஒசரமான கேப்டன் எந்த ஊரு? கல்யாணம் ஆயிடுச்சா?"

கடைசிக் கேள்வி வெறும் பழக்க தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் ரிப்போர்ட் கொடுத்தார்.

"வேன் டிரைவர் ஆரம்பத்துலேர்ந்து அதே ஆளு, மாறல. சாயங்காலம் கடைசி ஃப்ளைட் மட்டும் தினம் இருபது நிமிஷம் லேட்டு. ஆனா மெக்கானிக்குங்க மதியானம் கடைக்கு வந்து, உக்காந்து, நிதானமா சாப்பிடறாங்க. அவசரம் இல்லாத எடத்துலதான் போல்ட்டு ஒழுங்கா இருக்கும். நீ போ."

எந்த சீனியரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. போவதென்று முடிவு செய்தேன்.

இன்டர்வியூவில் மூன்று பேர். நடுவில் அதே உயரமான கேப்டன். என் அப்ளிகேஷனில் அப்பாவின் பெயரைப் படித்ததும் மனிதருக்கு முகம் மாறிவிட்டது. வானிலை, எஞ்சின் எல்லாம் மற்ற இருவரும்தான் கேட்டார்கள். கடைசியில் அவர் தொண்டையைக் கனைத்தார்.

"உங்க அப்பா... மொபெட்ல வர்றவரா?"

"ஆமா சார்."

"நாலு நாளா என்னைப் பத்தி விசாரிச்சாராமே, டீக்காரர் சொன்னார். பாருங்க... நீங்க நல்ல பொண்ணாத்தான் தெரியறீங்க. ஆனா நான் கல்யாணமே பண்ணிக்கறதா இல்ல."

காதெல்லாம் எரிந்தது. வேலை போச்சு என்றே நினைத்தேன்.

"சார், அவர் மாப்பிள்ளை பாக்கல... கம்பெனியப் பாத்தார்!"

"கம்பெனில என்னத்த பாத்தார்?"

டிரைவர், சாப்பாடு, போல்ட் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அந்த வேகத்தில், கடைசி ஃப்ளைட் தினமும் இருபது நிமிஷம் லேட் என்பதையும் சொல்லித் தொலைத்தேன்.

மற்ற இருவரும் மெதுவாகக் கேப்டன் பக்கம் திரும்பினார்கள்.

"அது என் ஃப்ளைட்" என்றார் கேப்டன்.

மற்ற இருவரும் மேஜையில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேலை கிடைத்துவிட்டது.

ஒரு நாளைக்கு ஆறு தடவை ஏறி இறங்கிக் கை பழகியது. பாண்ட் முடிந்ததும் ஜெட்காரர்களே கூப்பிட்டார்கள். நடுவில் ஒருநாள் அப்பாவைக் கோயமுத்தூர் ஃப்ளைட்டில் ஏற்றினேன். மனுஷன் மேகத்தைப் பார்க்கவே இல்லை... முழு நேரமும் இறக்கையில் ரிவெட் வரிசையையே பார்த்துக்கொண்டு வந்தாராம்.

பிற்பாடு அந்தக் கம்பெனியை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். பெயர்கூட மிஞ்சவில்லை. "மாப்பிள்ளை குணத்தத்தான் விசாரிச்சேன், சொத்து இருக்கான்னு கேக்க மறந்துட்டேன்" என்று அப்பா ரொம்ப நாள் வருத்தப்பட்டார். எனக்கும் வருத்தம்தான்.

இப்போது அக்கா மகளும் பைலட் லைசென்ஸோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கும் ஒரு சின்ன ஏர்லைனில் ஆஃபர். போகவா வேண்டாமா என்று அதே குழப்பம். சம்பளம், பிரமோஷன் எல்லாம் போனிலேயே தேடிப் பார்த்துவிட்டாள். அப்பாவுக்கு முட்டி வலி, நகர முடியாது. என்னிடம் சொன்னார்.

"நீ உள்ளதான இருக்க... மெக்கானிக்குங்க உக்காந்து சாப்பிடறாங்களான்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லு."

புது ஏர்போர்ட் வாசலில் டீக்கடை ஏது? போன வாரம் மத்தியானம், இரண்டு ஃப்ளைட்டுக்கு நடுவில், டெர்மினல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்தக் கம்பெனி வேனுக்குப் பக்கத்தில் நான்கு மெக்கானிக்குகள். நின்றுகொண்டே அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சரி, வேண்டாமென்று சொல்லிவிடலாம் என்று அப்பாவுக்குப் போன் போடப் போனேன்.

ஒரு கையில் போன். இன்னொரு கையில் பாதி கடித்த எக் பஃப்...

நானும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.