அண்ணன் வீட்டு முகப்பு

கும்பகோணத்தை ஒட்டி, ஒரு காலத்தில் மிராசுதார்கள் கட்டிக்கொண்ட தெரு அது. எல்லா வீடுகளுக்கும் ஒரே மாதிரி முகப்பு: சரிந்த ஓட்டுக்கூரை, அதைத் தாங்கும் மரத்தூண்கள். பெரிய கம்பெனிக் கடைகள் வரத் தொடங்கியதும், யார் கடை போட்டாலும் முகப்பில் கை வைக்கக் கூடாது என்று தெருச் சங்கம் கேட்டது. நகராட்சியும் அப்படியே விதி போட்டது. அங்கே வாடகைக்குக் குடியிருந்த பள்ளி ஆசிரியை நான்; சங்கத்துக்குச் செயலாளரும்கூட. வயலில் கூலி வேலை பார்த்த குடும்பத்துப் பெண்ணை அந்தப் பொறுப்பில் வைத்தார்களே என்று உள்ளூரப் பெருமை எனக்கு.

சிங்கப்பூரில் வெல்டராக இருந்த என் அண்ணன் அதே தெருவில் ஒரு வீட்டை வாங்கி, சென்னை சூப்பர் மார்க்கெட் கம்பெனி ஒன்றுக்கு வாடகைக்கு விட்டார். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பினேன். தூண்களைக் காணோம். மேலிருந்து கீழ்வரை கண்ணாடி. அதற்கு மேலே ராத்திரியைப் பகலாக்கும் சிவப்புப் பலகை. அண்ணன் கடல் தாண்டி இருக்கும் தைரியத்தில் கம்பெனிக்காரர்கள் இடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். புகார் மனுவை நானே எழுதினேன்.

நகராட்சியில் விசாரணை. தெருவே வந்திருந்தது. எழுந்து நின்று, "ஊர் அழகு உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கம்பெனி மேலாளரிடம் கேட்டேன். பலரும் தலையாட்டினார்கள்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "மேடம், தூணை வச்சுத்தான் நாங்க முதல்ல பிளான் போட்டோம். வீட்டுக்காரர்தான் ஒண்ணுவிடாம இடிச்சாத்தான் வாடகைக்கு விடுவேன்னாரு. உங்க அண்ணன்தானே? கேட்டுப் பாருங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். உட்கார்ந்தேன். முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தேன்; அதன் பிறகு பேசியது எதுவும் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் போன் போட்டேன். "ஏன்ணே இப்படிப் பண்ணினீங்க? எல்லார் முன்னாடியும் அசிங்கப்பட்டு நின்னேன்."

"அப்பா கூலி நெல்லுக்குப் போய் நிப்பாரே, தெரியும்ல? அந்த மாதிரித் தூணுக்கு வெளியிலதான். ஒரு நாளும் உள்ள கால் வச்சதில்ல. என் காசுல வாங்கின வீட்டுல அது எதுக்கு நிக்கணும்?"

எனக்குத் தெரியாத கதை இல்லை. அம்மா எத்தனையோ முறை சொன்னதுதான். ஆனால் செயலாளராகி அந்தத் தூண்களைப் பார்த்தபோதெல்லாம் அழகு மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறது. கூட்டத்தில் பட்ட அவமானம் இந்த வெட்கத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மனுவைத் திரும்பப் பெறலாமா என்று யோசித்தேன். தெருக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயத்தில் பேசாமல் இருந்துவிட்டேன். விதி விதிதான் என்று நகராட்சி சொல்லிவிட்டது. கம்பெனி மறுக்காமல் சிமெண்டில் தூண் வார்த்து, மர நிறம் பூசி, ஓடு வேய்ந்து, பலகையையும் சின்னதாக்கியது.

அடுத்த விடுமுறையில் அண்ணன் வந்தார். கடை வாசலில் சங்கத் தலைவர் எங்களைப் பார்த்துவிட்டு, "உங்க தங்கச்சி பிடிவாதத்துலதான் சார் தெரு தப்பிச்சுது. எவ்வளவு லட்சணமா இருக்கு பாருங்க!" என்றார்.

"ஆமா சார், நல்லாத்தான் இருக்கு" என்றார் அண்ணன். என் பக்கம் திரும்பவில்லை.

அந்த மாதமே செயலாளர் பொறுப்பை விட்டேன். உடம்பு சரியில்லை என்று காரணம் சொன்னேன். உண்மையான காரணத்தை அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. வாரம் தவறாமல் பேசிக்கொள்கிறோம். அந்த வீட்டைப் பற்றி மட்டும் அவரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.